தியோனீசியசும் மதுக்கடவுளும்

1984 கடைசியில் ஜேர்மனியில் மைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய ஊரில் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் அகதி விண்ணப்பம் போட்ட தமிழர் ஐந்து பேர். மூத்தவர் மன்னாரைச் சேர்ந்த தியோனீசியஸ். நாங்கள் தியோனீஸ் அண்ணை என்போம். கடற்றொழில் செய்தவர். மனைவி புஷ்பமலரும் இரண்டு பெண்பிள்ளைகளும் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள்.

அவர் குடிப்பதில்லை. தகப்பன் குடிவெறியில் வள்ளத்திலிருந்து விழுந்து செத்தவர். பிரேதத்தைக் கரைக்கு இழுத்து வந்தது மகன்தான். அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தில் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நின்று, சாகும்வரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். இதை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. யாராவது போத்தலைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஊர்த் தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு டொச் மொழி வகுப்பு நடந்தது. படிப்பித்தவர் ஹேர்ட்லைன் ரீச்சர், பள்ளிக்கூடத்தில் இலத்தீன் கற்பித்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தவர், அண்ணையின் பெயரில் நின்றார்.

"இது யாருடைய பெயர் என்று தெரியுமா?"

"தெரியும். பாரிசில் வேதசாட்சியாகச் செத்த ஆயர்" என்றார் அண்ணை, தெரிந்த டொச்சில்.

"அந்த ஆயருக்கே அது ஒரு கடவுளிடமிருந்து வந்த பெயர். தியோனிசோஸ். கிரேக்கரின் மதுக்கடவுள். உரோமர் பாக்குஸ் என்றார்கள். இந்த மலையில் அவர் பெயரிலேயே ஒரு திராட்சை விளைகிறது."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணை சிரிக்கவில்லை. அறைக்குத் திரும்பும் வழியில் சொன்னார்.

"குடிச்சே செத்த மனுசன் எனக்குக் குடிக்கடவுளின்ர பேரை வைச்சிருக்கிறார். தெரியாமல்தான் வைச்சவர், பாவம்."

அதன்பிறகு அவர் கண்ணில் அந்தப் பழைய கடவுள்களே பட்டார்கள். நகரசபை வாசலுக்கு மேலே கதிர்க்கட்டோடு நிற்கும் கல்லுப்பெண் தானியத் தெய்வம். மருந்துக்கடைப் பலகையில் சுற்றிக் கிடக்கும் பாம்பு ஒரு வைத்தியக் கடவுளுடையது. நாள்காட்டியில் மார்ச் மாதம் போர்க்கடவுளின் பெயர். ஒருநாள் ரீச்சரைக் கேட்டே விட்டார்.

"ஒருத்தரும் கும்பிடாத கடவுள்களை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

ரீச்சர் சொன்னார்: "கும்பிடுவதை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் கோபம், காதல், விளைச்சல், வெறி எல்லாம் இன்னும் எங்களிடம் இருக்கிறதே. அவற்றைப் பற்றிப் பேச அந்தப் பெயர்கள் வேண்டியிருக்கின்றன."

பிறகு தியோனிசோசின் கதையைச் சொன்னார். அவன் பிறக்குமுன்னே தாய் இடித்தீயில் எரிந்துபோனாள். பிள்ளையை இடம் மாற்றி இடம் மாற்றி ஒளித்து வளர்த்தார்கள். வளர்ந்தபின் இந்தியாவரைக்கும் அலைந்து, ஒவ்வோர் ஊராகத் திராட்சைக் கொடியோடு வந்து நின்றான். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். ஓர் அரசன் பிடித்துச் சிறையில் போட்டான்.

"பிறகு ஊருக்குள் விட்டார்களா?" என்று கேட்டார் அண்ணை.

"சில ஊர்களில் விட்டார்கள்."

1986 இலையுதிர்காலத்தில் ஊரில் வைன் திருவிழா வந்தது. ஒவ்வொரு வருடமும் ஒருவர் பாக்குஸ் வேடத்தில், திராட்சையிலை முடியோடு, உழவு இயந்திரம் இழுக்கும் வண்டியில் பீப்பாய்மேல் இருந்து ஊர்வலம் போவார். வழக்கமாக அமரும் தொந்திக்கார இறைச்சிக்கடைக்காரருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விடுதிக்காரி லிண்ட்னர் படியேறி எங்களிடம் வந்தாள். ரீச்சர் மூலம் பெயர் விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பெயர் உங்களிடம் இருக்கிறது. முடியை மட்டும் நாங்கள் தருகிறோம்" என்றாள்.

யோசித்துச் சொல்வதாக அண்ணை சொன்னார். அவள் போனதும் எங்களோடு இருந்த இராயப்பு பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, இது விக்கிரக ஆராதனை எல்லோ?"

"கும்பிடாத இடத்திலை என்னடாப்பா ஆராதனை? எனக்கு யோசனை கோப்பையைப் பற்றித்தான்."

மறுநாள் கீழே இறங்கிப்போய், தகப்பன் செத்த விதத்தையும் தன் நேர்த்தியையும் லிண்ட்னரிடம் சொன்னார். கோப்பையில் பழச்சாறு இருந்தால் வருகிறேன் என்றார். அவள் சிரிக்கவில்லை. திராட்சைத் தோட்டக்காரக் கிழவர் கேபலிடம் சொல்லி, அன்று பிழிந்த சாற்றையே ஏற்பாடு செய்தாள்.

ஊர்வலத்தன்று வெள்ளைத் துணி சுற்றி, இலைமுடி வைத்து, ஒல்லியான கறுத்த பாக்குஸ் பீப்பாயில் ஏறி இருந்தார். முதலில் ஆட்கள் யாரென்று எட்டிப் பார்த்தார்கள். அவர் கோப்பையைத் தூக்கியதும் தெருவே கைதட்டியது. நாங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஊர்வலம் பாலத்தைக் கடந்து எதிர்க்கரை ஊரில் முடிவது வழக்கம். பாலம் தொடங்கும் இடத்தில் அண்ணை கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எதிர்க்கரை வேறு மாவட்டம். விண்ணப்பம் முடியாத நாங்கள் அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது.

"எனக்கு அங்கே வர அனுமதி இல்லை" என்றார்.

நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சனம் சிரித்தது. அவர் இறங்கி, முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பவும் அதையே சொன்னார். சிரிப்பு நின்றது. இரண்டு வருடமாகத் தங்கள் பேக்கரியில் பாண் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாலம் மூடப்பட்டிருப்பது அங்கிருந்த பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நான் பொறுப்பு, ஏறுங்கள்" என்றார் ஊர்வலத்தில் வந்த நகரபிதா.

"உங்களுக்கு ஒன்றும் வராது, ஐயா. என்னைப் பிடித்தால் விண்ணப்பத்துக்குக் கேடு. என் பிள்ளைகள் முகாமில் இருக்கிறார்கள்."

எதிர்க்கரையில் மேளக்காரர் காத்திருந்தார்கள். கடைசியில் முடியைப் பீப்பாய்மேல் வைத்துக்கொண்டு வண்டி போயிற்று. கிழவர் கேபல் மட்டும் போகவில்லை. பாலத்துச் சுவரில் எங்களோடு இருந்து, மிச்சச் சாற்றைக் குடித்தார். "எத்தனையோ வருடம் அந்தப் பக்கம் போயாயிற்று. அங்கேயும் இதே பழம்தான்" என்றார்.

அடுத்த வகுப்பில் ரீச்சர் கதையின் மீதியைச் சொன்னார். அந்நியனைச் சிறையில் போட்ட அரசனை, அவனைப் பெற்ற தாயே கடவுள் ஏற்றிய வெறியில் ஆளறியாமல் கிழித்துக் கொன்றாளாம். அண்ணை தலையை ஆட்டினார்.

"அது வேண்டாம். அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே" என்றார்.

நகரபிதாவும் லிண்ட்னரும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் வாதாடினார்கள். அடுத்த வருடம் திருவிழாவுக்கு ஒரு நாளைக்கான அனுமதி முன்கூட்டியே கிடைத்தது. தியோனீஸ் அண்ணை பீப்பாயில் இருந்தபடி பாலத்தைக் கடந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சந்தோசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு மட்டும் கடவுளாக்கி விடுறது லேசு, தம்பி. மற்ற நாளுகளிலை மனுசனா நடந்து போக விடோணும்."

1988இல் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மறுவருடம் புஷ்பமலரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் பீலெஃபெல்ட், ஹனோவர் என்று பிரிந்து போனோம். அவர் மட்டும் போகவில்லை. கேபலின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, வலை பின்னிய கையால் கொடி கட்டினார். நான் பார்க்கப் போனபோது புஷ்பமலர் அக்கா தேத்தண்ணி தந்தபடி சொன்னார்: "பின்னேரத்திலை இப்ப பாலத்தாலை நடந்து ஆத்துக்கு அங்காலை போயிட்டு வருவார். அலுவல் ஒண்டும் இல்லை. சும்மாதான்."