கைக்குழந்தைக்கு அனுமதி இல்லாத பட்டமளிப்பு விழா

சித்தி பி.ஏ. தேறியபோது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பட்டம் கைக்கு வருவதற்குள் பிள்ளையே பிறந்துவிட்டது. பட்டமளிப்பு விழாத் தேதியைப் பல்கலைக்கழகம் தள்ளிவைத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை துணைவேந்தர் மாறினார், ஒருமுறை தேர்தல் வந்தது, ஒருமுறை காரணமே சொல்லவில்லை. சித்தப்பா டீக்கடைப் பேப்பரில் தினமும் அறிவிப்பைத் தேடினார். எங்கள் ஊரில் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படித்த ஒரே ஆள் அவர்தான்.

சித்தப்பா என் அய்யாவின் தம்பி. ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வயல் இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் தபால் வழியாகப் பட்டப்படிப்புப் படிக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் மற்றவர்கள் யோசித்தார்கள். அவர் யோசிக்கவில்லை. கடைசி வருஷப் பரீட்சைக்குச் சித்தியை அவரே கூட்டிக்கொண்டு போய், எழுதி முடிக்கும்வரை வெளியே காத்துக்கிடந்தார். சித்தி எடுத்த பாடம் வரலாறு. அவள் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டு, பாபருக்கும் அக்பருக்கும் நடுவில் வந்தவர் யார் என்பது அவருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

எண்பதுகளின் முடிவில், ஒரு சித்திரை மாதம், கடைசியில் விழா நடந்தது. பல்கலைக்கழகம் இருந்தது வேறு ஊரில். எங்கள் பக்கத்தில் தபால் வழியாகப் படித்தவர்கள் அதிகம் என்பதால் அந்த முறை ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி அரங்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சித்தி, சித்தப்பா, சில மாதக் கைக்குழந்தையான தம்பி, நான் ஆகிய நால்வரும் விடிந்ததும் பஸ் ஏறினோம். அம்மாவுக்குப் பருத்தி எடுக்கும் வேலை இருந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். பிள்ளை தூக்குவதில் எனக்கு வீட்டில் நல்ல பெயர்.

சித்தப்பா மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சிக்கல் என்ற ஊரில் இருந்த ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிய கேமரா கழுத்தில் தொங்கியது. மேடையில் சித்தி பட்டம் வாங்குவதை அவரே போட்டோ எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அரங்கத்து வாசலில் அந்த ஏற்பாடு குலைந்தது. காக்கி உடுப்புப் போட்ட காவல்காரர் பிள்ளையைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

“கைப்பிள்ளைய உள்ள விடக் கூடாதுய்யா. அழுதா விழாவே கெட்டுப்போகும். அழைப்புலயே போட்ருக்கு, பாருங்க.”

சித்தப்பா அழைப்பை எடுத்துப் பார்த்தார். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவர் அதை மட்டும் எப்படியோ விட்டிருந்தார்.

சித்தி வேண்டாம் என்றாள். திரும்பிப் போய்விடலாம், பட்டத்தைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள் என்றாள். சித்தப்பா கேட்கவில்லை. “படிச்சதுதான் தபால்ல. வாங்குறதையாவது கையில வாங்கு. நாங்க இங்கன இருக்கோம், நீ போ” என்றார். சித்தி ஒரு மறைவில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே உள்ளே போனாள்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் மட்டும்தான் நிழல் இருந்தது. அங்கே போனபோது ஏற்கெனவே ஒரு பெண் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். சித்தி வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கியது. பக்கத்தில் ஒரு வயர்கூடை. அதற்குள் மடித்த கறுப்பு அங்கி தெரிந்தது.

“அது யாருக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான்” என்று சிரித்தாள். பாம்பனிலிருந்து வந்ததாகச் சொன்னாள். துணைக்கு வருவதாக இருந்த மாமியாரால் விடிகாலையில் வர முடியாமல் போனதாம். “கருவாடு ஏத்துற லாரி நாளைக்குன்னு சொன்னான், இன்னைக்கே வந்து நிக்கிறான். அவுக இல்லாம ஏத்த முடியாது. வீட்டுக்காரரு கடல்ல. சரி, பிள்ளையோடயே உள்ள போயிறலாம்னு வந்தேன். அந்த வாட்ச்மேன் முடியாதுன்னுட்டாரு.”

“நான் வச்சுக்கிறேன் அக்கா. நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் தம்பி இருந்தான். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பாவுக்கு நாங்கள் பேசியது எல்லாம் கேட்டிருக்கும். அத்தனை பக்கத்தில்தான் நின்றார். அவர் வேட்டி நுனியால் கேமராக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்துவிட்டு, மறுபடியும் துடைத்தார்.

“வேணாம் பாப்பா” என்றாள் அவள். “நீ ஒண்ணையே வச்சிருக்க.”

கொஞ்ச நேரத்தில் பேண்டு வாத்தியம் முழங்கியது. கார்கள் வரிசையாக வந்தன. பெரியவர்கள் உள்ளே போனதும் காவல்காரர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

வெளியே இருப்பவர்களுக்காக ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முதலில் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஒருவர் வாசித்தார். இப்படி ஒரு வரலாறு இருக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை. பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் மாலைநேரக் கல்லூரியாகத் தொடங்கியதாம். மழை பெய்தால் மாணவர்களும் ஆசிரியரும் சேர்ந்து கரும்பலகையைத் தூக்கி ஒதுக்கி வைப்பார்களாம். பிறகு யாரோ நிலம் கொடுத்தார்கள், யாரோ கட்டடம் கொடுத்தார்கள், அந்தக் கட்டடத்தைத் திறக்க யார் யாரோ வந்தார்கள். முதன்முதலாக ஒரு பெண் படிக்க வந்தபோது அவளுக்கு உட்கார இடம் இல்லை என்று, கல்லூரியை நிறுவியவர் தன்னுடைய அறையையே அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாராம். உள்ளே கைதட்டல் கேட்டது.

“கேட்டியா ஆத்தா?” என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். “மனுசன்னா இப்படில்ல இருக்கணும்.” உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

வரலாறு முடிவதற்கு முன்பே தம்பி விழித்துக்கொண்டான். சித்தப்பா பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்தார். காலையில் காய்ச்சி ஊற்றியது, வெயிலில் திரிந்துபோயிருந்தது. எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடி ஒரு டம்ளரில் பால் வாங்கி வந்தார். ஆற்றி, கரண்டியால் ஊட்டினோம். தம்பி அதைத் துப்பிவிட்டு இன்னும் பலமாக அழுதான். சித்தப்பா தோளில் போட்டுத் தட்டினார், கேமராவை ஆட்டிக் காட்டினார், அழைப்பால் விசிறினார். அழுது அழுது பிள்ளை சிவந்துபோய், இடையிடையே சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தான். எனக்குப் பயமாகிவிட்டது. சித்தப்பா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

“ஒரு ஆளை மட்டும் வெளிய வரச் சொல்லுங்கய்யா. பிள்ளை பசிக்கு அழுகுது.”

“பெரியவுக மேடையில இருக்கைல யாரும் எந்திரிச்சு வரக் கூடாதுய்யா” என்றார் காவல்காரர்.

சித்தப்பா திரும்பி வந்தபோது வேட்டி மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. பாம்பன்காரப் பெண் எழுந்து நின்றாள்.

“குடுங்கண்ணே. எனக்கும் பால்குடிப் பிள்ளை இருக்குல்ல.”

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர் யாரும் அங்கே இல்லை. தம்பியை என் கையில் கொடுத்து, “நீ குடு” என்றார். ஒரு எட்டு வைத்தால் அவரே கொடுத்திருக்கலாம். ஏன் என் கை வழியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பிள்ளை அழுத அழுகையில் அதையெல்லாம் கேட்க நேரமில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். சித்தப்பா கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். அவளுடைய குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். அது விழிக்கவே இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. சட்டென்று எங்கும் அமைதியாகிவிட்டது. தம்பி விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சின்னக் கைதட்டல். வரலாறு என்று சொல்லி வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவர், “அந்தோணியம்மாள்” என்றார். கைதட்டல் வரவில்லை. “அந்தோணியம்மாள்” என்று மறுபடியும் கூப்பிட்டார்.

தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“என்னையத்தான் கூப்பிடுறாக” என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, பிள்ளையிடம் சொன்னது போலவும் இருந்தது. பிறகு மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த பெயர் சித்தியுடையது. “ஏத்தா, உன் சித்தி! உன் சித்தி பேரு!” என்று அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா கத்தினார். போட்டோ எடுக்க ஒன்றுமில்லாமல் ஒலிபெருக்கியையே ஒரு படம் எடுத்தார்.

தம்பி தூங்கிப்போனான். அவள் அவனை என்னிடம் தந்துவிட்டுத் தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றாள். சித்தப்பா, “ரொம்ப உபகாரம்மா” என்றார். அவள், “இதுல என்னண்ணே இருக்கு” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் சித்தப்பா என் பக்கம் குனிந்தார். “வீட்ல இதைச் சொல்ல வேணாம் ஆத்தா. வேற ஆளுக, மீன்காரவுக, ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாக” என்றார்.

கதவு திறந்ததும் முதல் ஆளாகச் சித்திதான் வந்தாள். நடக்கவில்லை, ஓடி வந்தாள். கையில் பட்டச் சுருள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அங்கி நெஞ்சில் ஒட்டியிருந்தது. தம்பியை வாங்கி மறைவுக்குத் தூக்கிப் போனாள். அவன் வாயைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள், மறுபடியும் திருப்பினான்.

“பிள்ளைக்கு என்ன செய்யுது? இம்புட்டு நேரம் பசியில கெடந்தவன் ஏன் குடிக்க மாட்டேங்குறான்? மேலு சுடுதா, தொட்டுப் பாருங்களேன்” என்று சித்தி அழுதுவிட்டாள்.

சித்தப்பா சொன்னது வீட்டில் சொல்ல வேண்டாம் என்று. இது வீடு இல்லையே என்று எனக்குத் தோன்றியது. “அவன் குடிச்சுட்டான் சித்தி. பாம்பன் அக்கா குடுத்துட்டாக” என்றேன். ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லாரி வந்தது, வயர்கூடையில் அங்கி இருந்தது, நான் பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னது, பெயர் கூப்பிட்டது எல்லாம்.

“அந்தோணியம்மாளா?” என்றாள் சித்தி. “எனக்கு முந்தின நாற்காலி. வருவாக வருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பிள்ளையோடும் அங்கியோடும் அவள் அங்கி திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கிருந்தவர், மடிப்புக்கூடக் கலையாமல் ஒன்று வந்தது, கொடுத்துவிட்டு அப்போதே போய்விட்டார்கள் என்றார். ரோட்டுக்கு வந்தோம். ராமேஸ்வரம் பஸ் போய்விட்டதாகப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார்.

சித்தப்பா கேமராவோடு வந்து சேர்ந்தார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கியோடு ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்றார். சித்தி மறுக்கவில்லை. சொன்ன இடத்தில் நின்றாள். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கூச்சத்தில் சிரிக்காமல் நிற்கிறாள் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. சித்தி ஜன்னல் ஓரம், தம்பி அவள் மடியில். நான் முன் சீட்டில் அவர்களைப் பார்க்கத் திரும்பி முழங்காலிட்டிருந்தேன். ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வெகுநேரம் கழித்துச் சித்தி கேட்டாள்.

“நீங்க ரெண்டு பேரு இருந்தீக. ரெண்டு பிள்ளையையும் கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதா?”

சித்தப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு நம்மகிட்டக் கேக்கலையே” என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் அன்று நடந்ததையெல்லாம் ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். சித்தப்பா சொன்னது சரிதான். அவள் கேட்கவில்லை. “ஆமா சித்தி, கேக்கவே இல்ல” என்று சத்தியம் செய்வது போல் சொன்னேன். கேட்பது என்றால் வாயால்தான் கேட்பார்கள் என்று அன்றைக்கு நான் நம்பியிருந்தேன்.