சினைச் சுறா

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு மீன்கடை. போன வாரப் பிரசவத்தில் என் மகள் பிழைத்ததே பெரிது. இன்னும் பால் சரியாகச் சுரக்கவில்லை. புட்டு செய்துகொடுக்கப் பால்சுறா வாங்க வந்திருக்கிறேன்.

கடைக்காரப் பெண் தூத்துக்குடிக்காரர். இரண்டு முழம்கூட இல்லாத சுறாவின் வயிற்றைக் கீறுகிறார். உள்ளே சாண் நீளத்தில் நான்கு குட்டிகள்.

“குட்டி இல்லாததாகக் கொடுங்கம்மா.”

“இப்ப வாரது பூரா சினைதான் அண்ணாச்சி. குட்டி போடக் கரைப்பக்கம் வரும், வலையில மாட்டிக்கிடும். முன்ன மாதிரி நெறைய வரதும் இல்ல. இத விட்டா அடுத்த வாரந்தான், பாத்துக்கிடுங்க.”

அடுத்த வாரம் வரை பேரன் பசியோடு இருக்க முடியாது.

“சரி, போடுங்க.”

“குட்டியையும் சேத்துருவமா? புட்டுக்கு மெத்துனு இருக்கும்.”

“வேண்டாம்மா.”

அவர் வெட்டி முடிக்கும்வரை தெருப்பக்கம் திரும்பி நிற்கிறேன்.