பழுப்பு நிறத்தில் வந்த கருடன்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. மலேசியாவின் கோலா கெடாவில், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, புதிதாகக் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கோயில் தலைவர் என் மாமனார். ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் அவர் வீட்டு மூத்த மருமகள். இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. விடுமுறை கிடைத்தால் போதும், தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயல், ஆற்றோரம் என்று பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். "அண்ணி காக்கா பாக்கப் போயிட்டாங்க" என்பது என் கொழுந்தனார் தினமும் அடிக்கும் கேலி.

மாமாவுக்கு மட்டும் என் பறவைக் கதைகளில் ஆசை உண்டு. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஏதாவது கேட்பார். பருந்தும் கழுகும் ஒரே குடும்பம், ஆனால் பார்ப்பதற்கு அவற்றைப் போலவே இருக்கும் ஃபால்கன் என்ற வேட்டைப் பறவை கிளிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று ஒருநாள் சொன்னேன்.

"என்னாம்மா கத வுடுற? கிளி என்னிக்குக் கோழிக்குஞ்சு தூக்குச்சு?" என்றார்.

மூக்கையும் நகத்தையும் பார்த்து உறவு சொன்ன காலம் மாறிவிட்டது, இப்போது மரபணுவைப் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள் என்று விளக்கினேன். நம்பினாரோ இல்லையோ, சாமான் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அன்று அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மன் எங்கள் ஊர் அம்மன் அல்ல. உட்புறத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவள். தோட்டம் கைமாறி, அங்கே தாமான் என்கிற குடியிருப்பு கட்டி வீடு விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், சிலையை இங்கே கொண்டுவர மாமா முன்னின்றார். அங்கிருந்து இந்த ஊருக்குக் குடிவந்துவிட்ட தோட்டத்து மக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அங்கே பல வருடங்களாகக் கோயில் வாசல் கூட்டி விளக்கேற்றி வந்த ஓர் அக்கா, மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அண்ணே, நீங்க செலயத் தூக்கிட்டுப் போவலாம். ஆத்தா கூட வருவாளான்னு யாருக்குத் தெரியும்? கும்பாபிஷேகத்தன்னிக்குக் கருடன் வந்து சுத்தட்டும். அப்ப நாங்க உள்ள வரோம்."

கோபுரக் கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் மேலே கருடன் வட்டமிட்டால்தான் தெய்வம் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது என்பது நம் சனங்களின் நம்பிக்கை. மாமா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. கோலா கெடாவில் கருடனுக்கா பஞ்சம்? மீன் விற்கும் பாசார் பக்கம் போனால், வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாகத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தார். அம்மனுக்கு உகந்த நாள், கெடா மாநிலத்தில் வார விடுமுறையும்கூட.

அன்று காலை எல்லாமே கனவில் நடப்பது போல இருந்தது. ஆற்றின் மேல் மெல்லிய பனிப்புகை. படகுகள் அசையாமல் நின்றன. நாதஸ்வர ஓசை தண்ணீரின் மேல் போய்த் திரும்பி வந்தது. பட்டுப் புடவைக்கு மேல் தொலைநோக்கி அலங்கோலமாக இருக்கும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். குருக்கள் தலையில் கலசத்தோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். தோட்டத்து மக்கள் வேலிக்கு வெளியே, ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அந்த அக்கா, கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தையே பார்த்திருந்தார்.

குருக்கள் உச்சிக்குப் போய்விட்டார். வானத்தில் ஒரு பறவைகூட இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று வெள்ளிக்கிழமை, தொழுகை நாள். மலாய்க்கார மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். படகு வராவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் ஆற்றில் எறியக் குடலும் இல்லை. கருடன்கள் பாசாருக்கு வருவதே அதற்காகத்தானே! போதாததற்கு வெயிலும் இன்னும் ஏறவில்லை. தரை சூடேறிக் காற்று மேலே கிளம்பினால்தான் அவற்றால் சிறகடிக்காமல் மிதக்க முடியும். நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நல்ல நாள், கருடன்களுக்கு லீவு நாள்! அந்த இடத்தில் மீன் குடலைப் பற்றிப் பேசினால் அடி விழும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மாமா சாரத்தின் பாதியில் நின்றிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. கருடன் வராவிட்டால் அந்த மக்கள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு எந்த விழாவுக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். யாருக்காக இந்தக் கோயிலைக் கட்டினாரோ அவர்களே இல்லாத கோயிலாகிவிடும். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு பறவை வந்தது. சிறகை அசைக்கவே இல்லை. காற்றே அதை ஏந்திக்கொண்டு வருவது போலிருந்தது. கூட்டம் கைகளைத் தூக்கி "ஓம் சக்தி" என்று ஆரம்பித்தது. பாதியிலேயே குரல் அடங்கியது.

"ஏய், தல வெள்ளயா இல்லலா. இது சும்மா பருந்து!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

தூக்கிய கைகள் இறங்கின. மரத்தடியில் சிலர் எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். மாமா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"அம்மாடி, நீதான பறவ பாக்குறவ. சொல்லு, அது என்னா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கருடன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. உண்மையில் எனக்குத் தெரியவில்லை. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து இங்கே வந்து போகும் கரும்பருந்தும் பழுப்புதான். கருடனின் குஞ்சும் முதல் வருடம் பழுப்புதான். பெற்றோரைப் போலத் தலை வெளுக்க அதற்குக் காலமாகும். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் வாலைப் பார்க்க வேண்டும். கரும்பருந்தின் வால் மீன் வாலைப் போல நடுவில் உள்வாங்கியிருக்கும். கருடனின் வால் விசிறி போல வெளிப்புறம் வளைந்திருக்கும். ஆனால் அதற்குள் அது கிழக்குப் பக்கம் போயிருந்தது. கண்ணுக்கு நேரே சூரியன்.

"வால் தெரியணும் மாமா. கொஞ்சம் பொறுங்க."

நேரம் முடியப் போகிறது என்று மேலிருந்து குருக்கள் குரல் கொடுத்தார். மேளம் நின்றிருந்தது. பறவை ஆற்றைத் தாண்டிப் போயே போய்விட்டது என்று நினைத்தேன். அது எங்கோ ஒரு சூடான காற்றைக் கண்டுபிடித்து, மெதுவாகச் சாய்ந்து, எங்களை நோக்கித் திரும்பியது. வட்டத்துக்கு மேல் வட்டமாக ஏறியது. எனக்குச் சுற்றிலும் இருந்த கூட்டம் மறந்துவிட்டது. அந்த வானமும் அந்தப் பறவையும் நானும் மட்டும்தான். கண்ணில் நீர் வழிய வழிய, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுரத்துக்கு நேர் மேலே அது ஒருக்களித்தபோது வெயில் அதன் வாலுக்குள் ஊடுருவியது. வளைந்த, அழகான, விசிறி வால்.

"கருடன்தான் மாமா! குஞ்சுக் கருடன்!"

மேளம் முழங்கியது. குருக்கள் கலசத்தைக் கவிழ்த்தார். தெறித்த நீரில் நனைந்தபடி மாமா குழந்தை மாதிரி அழுதார். பறவை இதை எதையும் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கூட்டம் உள்ளே நகர்ந்த பிறகும் அந்த அக்கா வேலிக்கு வெளியிலேயே நின்றார். நான் அருகில் போனேன். என் கண்களை நேராகப் பார்த்தார்.

"டீச்சர், நெசமாவே கருடனா? ஒங்க மாமாவுக்காகச் சொல்லலியே?"

"நெசமாக்கா. அவருக்காகச் சொல்றதா இருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன். சின்னது, அதான் பழுப்பா இருக்கு. போகப் போகத் தல வெளுக்கும்."

"எங்கேருந்து வந்துச்சு அது?"

"எங்கேருந்தும் வரலக்கா. இந்த ஆத்தோரச் சேத்துல நிக்கிற பாக்காவ் மரத்துலதான் எங்கயாச்சும் பொறந்திருக்கும்."

அக்கா மறுபடியும் வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோட்டத்தை விட்டு வந்த பிறகு இந்த ஊரில் பிறந்த அவருடைய பேத்தி, பக்கத்தில் நின்று அவர் புடவை முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுக்கு இதான் ஊரு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

வால் தெரியும் முன்பே, மாமாவின் மீதிருந்த இரக்கத்தில் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், வேலியருகில் அந்த அக்காவின் கண்களை என்னால் பார்த்திருக்கவே முடியாது என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்கு முதலில் பயம் வருகிறது, பிறகு மனம் நிறைந்துவிடுகிறது.