பில்லில் எழுத ஒரு பெயர்

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஹோட்டல் திறந்தவர், என் அப்பளத்தைத் தின்று பார்த்துவிட்டு, தினமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வலியசாலையில் பல வீடுகளில் அப்பளம் இட்டு விற்றார்கள்; ஹோட்டல் ஆர்டர் வந்தது எனக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டையாக உளுந்து வாங்கிப் போட்டேன்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வாரத்துக்கு ஒரு பில், மலையாளத்தில் எழுதித் தர வேண்டும். அப்பளத்தைக் கூடைக்காரி ஒருத்தி கொண்டு கொடுப்பாள். பணத்தை அவள் கையில் தர மாட்டார்களாம். பில்லில் இருக்கிற பெயருக்கு வீடு தேடி வந்து கொடுப்பார்களாம்.

எனக்குத் தமிழ் எழுதுவதே தகராறு. என் வீட்டுக்காரர் கோயிலில் பாராயணம் செய்பவர். அவருக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். கணக்கப்பிள்ளை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். அப்பளம் இடுகிறவளுக்குக் கணக்கப்பிள்ளையா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, உளுந்துக்கு அவர்களா காசு கொடுத்தார்கள்?

சாலைக் கடைவீதியில் நான் உளுந்து வாங்கும் கடையில் நாஞ்சில்நாட்டுப் பிள்ளை ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் வந்து எழுதித் தருகிறேன் என்றார். சம்பளம் மாதம் சில சக்கரக் காசும் உடைந்த அப்பளமும். முதல் நாள் என்பதால் உடையாததையே கொடுத்தேன்.

உட்கார்ந்ததும், பில் யார் பேரில் என்று கேட்டார். வீட்டுக்காரர் பேரில் என்றேன். அவர் பேர் என்ன என்றார். நான் எப்படிச் சொல்வேன்? புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவரோ கோயிலில் இருந்தார். பெரிய கோயில் இருக்கும் திசையில் கையைக் காட்டினேன். அங்கே பள்ளிகொண்டிருக்கும் சுவாமியின் பேர்தான் என்று பிள்ளை சட்டென்று புரிந்துகொண்டு எழுதினார். நானும் பெருமையாக பில்லை அனுப்பினேன்.

அந்தப் பேர் எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஹோட்டல் ஆள் பணத்தோடு வந்து, முதலில் அகப்பட்ட பேர்க்காரரின் கதவைத் தட்டினான். அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தன்னை அப்பளக்காரன் ஆக்கிவிட்டான் என்று குதித்து அவனை விரட்டிவிட்டார். சாயங்காலம் கூடைக்காரி சேதி கொண்டுவந்தாள்: இப்படி ஒரு ஆளே இல்லை என்று ஹோட்டல்காரர் அப்பளத்துக்குக் கரமனையில் வேறு ஆள் பார்க்கிறாராம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரே பேருல இத்தன ஆளு இருந்தா நான் எப்பிடியம்மா பில்லு எழுததுக்கு?"

"அப்படீன்னா என் பேரைப் போடுங்கோ" என்றேன், கோபத்தில்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பேரைக் கேட்டார். நான் பிறந்தது திருநெல்வேலி. அந்த ஊர் அம்மன் பேர் எனக்கு. இங்கே வேறு யாருக்கும் அது இல்லை. அதைச் சொல்லவும் எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பில்லைப் பிள்ளையே தம்பானூருக்கு எடுத்துப்போய், ஹோட்டல்காரரிடம் நயமாகப் பேசிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் யாரோ ஒரு பேரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். யாரது, யாரது என்று ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். நானும் அப்பளக் குழவியை நிறுத்தாமல், யாரையோ தேடுகிறான் பாவம் என்று நினைத்தேன். இலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தா" என்று மட்டுமே அழைத்தவர்.

"ஒன்னைத்தான் விளிக்கறான்" என்றார்.

மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். என் அம்மா போன பிறகு அந்தப் பேரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டேன். இன்னொரு தடவை கூப்பிடு என்று அவனிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.