அரம் போட்ட சிலிண்டர்

நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் பட்டறை வைத்திருந்த கந்தப்பனுக்கு ஒரு இன்ஜினைச் சும்மா விடத் தெரியாது. ரிப்பேருக்கு வந்த வண்டி வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போகவேண்டும் அவனுக்கு.

எண்பத்தொன்றில் சேந்தமங்கலத்துச் சின்னண்ணன் ஒரு பழைய ஜாவாவை உருட்டிக்கொண்டு வந்தான்.

“கந்தண்ணா, எம் மச்சான் புல்லட்டு வெச்சிருக்கறானுங்க. என்னையத் தாண்டறப்பத் திரும்பிப் பாத்துச் சிரிக்கறான்.”

“அந்த வாயை மூடிருவோம், உடுங்க.”

சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தை அரம் போட்டு மேலே ஏற்றினான். ஹெட்டைக் கடைசலில் கொடுத்துச் சீவினான். வண்டி சீறியது. சீறுகிற இன்ஜின் சூடும் ஏறும்; பெட்ரோலில் கலக்கிற ஆயிலைக் கூடுதலாக ஊற்றவேண்டும். அதையும் சொல்லித்தான் கொடுத்தான்.

ஆயில் கூடினால் புகையும் கூடும். கொஞ்ச நாளில் சின்னண்ணன் தன் மனைவி வசந்தாமணியைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“பொடவையெல்லாம் எண்ணெப் புள்ளிங்கண்ணா. கலியாண ஊட்டுல எறங்குனா, செக்குல இருந்து வாரியான்னு கேக்கறாங்க” என்றாள் அவள்.

பட்டறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேகம் ஏற்றினால் இதைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லக் கந்தப்பனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

“கம்பெனி சொன்ன அளவுக்கே கொறச்சுக்கங்க அம்மிணி.”

கம்பெனி சொன்ன அளவு கம்பெனி இன்ஜினுக்கு. அது அவனுக்குத் தெரியும்.

ஆயிலைக் குறைத்த அந்த வாரமே, மச்சானின் புல்லட்டைத் தாண்டி முறுக்கிப் போகையில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. சின்னண்ணனுக்குச் சிராய்ப்பு. பின்னால் இருந்த வசந்தாமணிக்கு வலது முழங்கை நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோதே, இவள் புடவை பார்த்த லட்சணம் என்று மாமியார் சௌந்திரம் திட்டுவது கந்தப்பன் காதில் விழுந்தது. பழப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

கட்டுப் பிரித்தும் கை மடங்கவில்லை. அதன் பிறகுதான் வண்டியை டிராக்டரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மருமகளையும் சௌந்திரம் கூட்டி வந்திருந்தாள்.

“பிரிச்சு இவளுக்குக் காட்டு கந்தப்பா. கறை ஆகாதுன்னு எண்ணெயக் கொறச்ச மகராசி. இப்பச் சடை பின்ன ஆள் வேணுமாம்.”

“நாஞ் சொல்லித்தானே கொறச்சாங்க” என்றாள் வசந்தாமணி, தலை நிமிராமல்.

கந்தப்பன் சிலிண்டரைக் கழற்றினான். உள்சுவரெல்லாம் கீறல். துவாரத்தின் விளிம்பில் அவன் அரத்தின் தடம். பேசாமல் இருந்தால் பழி அவள் தலையிலேயே இருந்துவிடும். பட்டறைக்கு ஒரு குறையும் வராது.

“அம்மிணி மேல தப்பில்லீங்க” என்றான். “அரம் போட்டு ராவாத இன்ஜினா இருந்தா அந்த எண்ணெ போதும். ராவுனவன் நானு. கொறச்சாப் புடிச்சுக்கும்னு தெரிஞ்சேதான் கொறைக்கச் சொன்னேன். நாலு பேரு முன்னால வாய் வரலீங்க.”

சின்னண்ணன் குனிந்து துவாரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமுங்களேண்ணா” என்றாள் வசந்தாமணி. “இவங்க திட்டறப்பல்லாம், நியாயந்தானேன்னு கேட்டுக்கிட்டிருந்தனுங்க.”

கந்தப்பன் புது சிலிண்டர் போட்டுக் கொடுத்தான். வாங்கிப் போன சின்னண்ணன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வேகம் கேட்டு வந்தவர்களைக் கந்தப்பன் வேறு பட்டறைக்குக் கைகாட்டினான்.

இடது கையால் சாப்பிடக் கூசி, வசந்தாமணி எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்காருவதில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதிலிருந்து கந்தப்பனும் மொய் வைத்த கையோடு கிளம்பிவிடுவான். பந்திக்குக் கையைப் பிடித்து இழுத்தால், பட்டறையில் வண்டி நிற்கிறது என்பான்.