வெளுத்து வந்த வேட்டி

கொட்டாம்பட்டி முத்திருளன் மிளகாய் வியாபாரி. வற்றல் மூட்டைகளோடு தனுஷ்கோடியில் கப்பலேறி, இலங்கையில் அட்டன் கடைவீதி வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவார். காம்பு கிள்ளாத வற்றலையோ தூசி தட்டாத சாக்கையோ அவர் யாரிடமும் நீட்டியதில்லை. அந்தச் சுத்தம்தான் ஒருமுறை அவர் மானத்தை வாங்கியது.

செல்லூரில் தறிக்கு நூல் சுற்றும் இருளாயி அவருடைய ஊர்க்காரப் பெண். அவள் அண்ணன் காளைக்கு அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கூலிவேலை. மகளுக்கு ஐந்து வயதாகியும் இருளாயி காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் குத்துவது? காளை வருவான், வருவான் என்றே இரண்டு வருஷம் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில், தோட்ட வேலைக்கு ஆட்கள் அக்கரை போவதை நம் சர்க்கார் நிறுத்திவிட்டது. ஊருக்கு வந்தால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று அவனுக்குப் பயம். பெண்டாட்டி பிள்ளைகளை மலையில் விட்டுவிட்டு எந்த மனுஷன் கிளம்புவான்?

மாமன் வரமுடியாவிட்டால் அவன் உடுத்திய வேட்டியை விரித்து, அதில் பிள்ளையை உட்காரவைப்பது இருளாயி வீட்டு வழக்கம். கடைவீதிக்கு வந்த காளை, கட்டியிருந்த வேட்டியை மாற்றி, மடித்து, முத்திருளனிடம் கொடுத்தான். வேர்வையும் தேயிலைக் கறையுமாக இருந்தது. நல்ல காரியத்துக்கு இப்படியா கொடுப்பது என்று மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஊர் வந்ததும் வெள்ளாவியில் வைக்கச் சொல்லி, நீலம் போட்டு வாங்கி, காதுகுத்தன்று பளபளவென்று கொண்டுவந்து நீட்டினார். பாராட்டுக்காக வேறு நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இருளாயி வேட்டியை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். திருப்பி வைத்தும் பார்த்தாள். பிறகு அழுதாள்.

"எங்கண்ணன் இதுல இல்லையேண்ணே."

முத்திருளனுக்குத் தலை நிமிரவில்லை. சொந்தபந்தம் கூடியாயிற்று, ஆசாரியும் ஊசியோடு உட்கார்ந்தாயிற்று. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் புருஷன் முனகினான். இருளாயி மூக்கைச் சிந்திவிட்டு, வேட்டியை முத்திருளனிடமே நீட்டினாள்.

"இம்புட்டுப் பேருல எங்கண்ணனப் பாத்துட்டு வந்தது ஒங்க கண்ணுதான். நீங்க உக்காருங்கண்ணே."

வேட்டியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளை வீறிட்டபோது அவரும் சேர்ந்து அழுதார். செல்லூரில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அடுத்த நடையில் காளையிடம் எதையும் மறைக்காமல், வேட்டியை வெளுத்ததையும் சொன்னார். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"புள்ள அழுதுச்சாண்ணே?"

"அழுதுச்சுப்பா."

"தலைய யாரு பிடிச்சுக்கிட்டா?"

"நாந்தான். இந்தக் கையாலதான்."

அப்போதுதான் மூட்டை அவிழ்த்த கைகள் அவை. காளை இரண்டையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். காரம் ஏறிய கை, கண் எரியும் என்றார் முத்திருளன். அவன் விடவில்லை.