ஹயாத் பாஷாவின் குத்தூசி

ஹயாத் பாஷா மூட்டைக்குள் குத்தூசியைச் செலுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார். வெளியே இழுத்த பிறகுதான் திறப்பார். ஊசியின் பள்ளத்தில் வந்த தானியத்தை உள்ளங்கையில் தட்டி, ஊதி, நாலு மணியை வாயில் போட்டு மென்றுவிட்டால் மூட்டையின் தரத்துக்கும் விலைக்கும் தீர்ப்பு ஆயிற்று. தருமபுரி மண்டியில் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

மூட்டைக்கு ஒரே குத்துதான். அவர் குத்துகிற இடத்தில்தான் பதரும் மண்ணும் வந்து ஒளிந்துகொள்ளும், என்ன ராசியோ! வத்தல்மலையிலிருந்து கேழ்வரகு கொண்டுவரும் காளியப்பன், "இன்னொரு எடத்துல குத்திப் பாருங்க பாய்" என்று கெஞ்சுவார். "ஒரு குத்துல தெரியாதது ஒம்பது குத்துல தெரியுமாங்க?" என்பார் பாஷா. ஓட்டை வழியாகத் தானியம் கொட்டுகிறதே என்றால், "சாக்கு தானா மூடிக்குமுங்க" என்று விரலால் ஒரு தேய்ப்பு. குத்தூசியை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. சோறு தின்னும்போதும் அது மடியில்தான் கிடக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் கழுத்தில் எழுபத்தெட்டாம் வருஷம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கிற்று. தைராய்டு கட்டி என்றார் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். புற்றா இல்லையா என்று பார்க்க, ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுக்க வேண்டுமாம்.

பாஷா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "குத்துனா உள்ள இருக்கற நோவு வெளிய சிந்திப் பரவாதுங்களா?"

"அப்படியெல்லாம் பரவிடாது. கொஞ்சம் வலிக்கும், ரத்தம் கட்டலாம். ஓட்டை தானா மூடிக்கும்" என்றார் டாக்டர். கூட வந்திருந்த மனைவி வஹிதா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெல்லிய ஊசியால் ஒரு குத்து குத்தி எடுத்தாயிற்று. பாஷா எழுந்திருக்கவில்லை. "அடியில ஒரு தரம் குத்துங்க சார். கெட்ட சரக்கை அடியிலதான் வெப்பாங்க."

"யாரு வெப்பாங்க?" என்றார் டாக்டர். அவர் எப்படியும் அங்கும் இங்குமாக இன்னும் இரண்டு முறை எடுக்கத்தான் இருந்தார்.

கெட்டது எதுவும் சிக்கவில்லை என்று முடிவு வந்தது. "அப்ப இல்லைங்களா சார்?" என்று முகம் மலர்ந்தார் பாஷா.

"ஊசியில வந்ததுல இல்லை. வராததைப் பத்தி நான் எப்படிச் சொல்றது? ஆறு மாசம் கழிச்சு வாங்க. வளர்ந்திருந்தா வெட்டி எடுத்துப் பார்த்துடலாம்."

ரயிலில் வழியெல்லாம் புலம்பல்தான். "குத்தியும் பாத்துப்புட்டு, முழுசா தெரியாதுங்கறாரே. இது என்ன ஞாயம்?"

"நீங்கன்னா ஒரே குத்துல சொல்லிருப்பீங்க. அவரு வெறும் டாக்டருதானே, பாவம்" என்றாள் வஹிதா.

அடுத்த வாரம் காளியப்பனின் மூட்டையில் குத்தினார். கறுத்த மணியும் மண்ணுமாக வந்தது. காளியப்பன் வழக்கம்போலக் கெஞ்ச வாயெடுத்து, பலனில்லை என்று தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

பாஷா மணியை வாயில் போடவில்லை. இடது கை கழுத்துக்குப் போய்க் கட்டியைத் தடவிற்று. எச்சில் விழுங்கினார். அது விரலுக்கடியில் ஏறி இறங்கிற்று. பிறகு குத்தூசியைக் கைலியில் துடைத்து, பிடியை அந்தப் பக்கம் திருப்பி, காளியப்பனிடம் நீட்டினார்.